வைட்டமின் ஊசிகள்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப் ஹில், செம்பூர் எனத் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளில் உள்ள சிறு கிளினிக்குகளில், “ஒரு சத்து ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்” என்று யாராவது கேட்பது அன்றாடக் காட்சி. இந்தியில் கேட்பவர்கள் ‘தாகத் கா இஞ்செக்ஷன்’ என்கிறார்கள். அதே தெருக்களில், வைட்டமின் பி12 குறைவால் கால் மரத்து, நடை தடுமாறி, “வயதாகிவிட்டது, வாயுத் தொல்லை” என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஊசியின் பக்கமே போகாதவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லாதவருக்கு ஊசி எளிதாகக் கிடைக்கிறது. தேவையானவருக்கு அது போய்ச் சேருவதில்லை. இவ்விரு சாராரையும் மனத்தில் வைத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை பொது விளக்கங்கள். உங்கள் உடலைப் பரிசோதித்த மருத்துவரின் முடிவே இறுதியானது.

ஊசியாகப் போடும் வைட்டமின், மாத்திரையைவிட வலிமையானதா?

இல்லை. ஆம்பூல் என்னும் சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கும் வைட்டமினும் மாத்திரையில் இருக்கும் வைட்டமினும் ஒரே பொருள்தான். வேறுபடுவது அது உடலுக்குள் செல்லும் வழி மட்டுமே. வாயால் உட்கொள்வது இரைப்பையையும் குடலையும் கடந்து இரத்தத்தில் சேர வேண்டும். தசையிலோ இரத்தக்குழாயிலோ செலுத்தப்படுவது அந்தப் பாதையைத் தவிர்த்துவிடுகிறது. பாதை பழுதாகியிருந்தால் அப்படித் தவிர்ப்பது உயிர்காக்கும் உதவியாகும். பாதை நன்றாக இருக்கும்போது அதனால் கூடுதல் பலன் ஏதும் இல்லை.

நமக்குத் தேவையான 13 வைட்டமின்களும், குடல் நலமாக உள்ளவருக்கு, உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ போதிய அளவு கிடைத்துவிடக் கூடியவை. குழந்தைகளின் கண்ணைக் காக்க அரசு வழங்கும் வைட்டமின் ஏ-கூட ஊசியாகத் தரப்படுவதில்லை. 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் என்று வாயில் ஊற்றப்படும் திரவமாகவே தரப்படுகிறது.

ஆகவே ஊசி எழுதித்தரும் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பது நோயாளியின் உரிமை என்று நான் கருதுகிறேன். எனக்கு எந்தச் சத்து குறைந்திருக்கிறது? அதை வாய் வழியாகத் தந்தால் ஏன் போதாது? இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் யாருக்கு ஊசிதான் சரியான வழி?

முதலில் சொல்ல வேண்டியது பி12 குறைபாடு. உணவிலுள்ள பி12 தானாக இரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. இரைப்பையின் சுவர் சுரக்கும் ஒரு சிறப்புப் புரதத்தோடு இணைந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பயணம் செய்து, அங்கேதான் அது உறிஞ்சப்படுகிறது. இந்த நீண்ட வழியில் எந்த இடத்தில் கோளாறு ஏற்பட்டாலும் எவ்வளவு சத்தாக உண்டாலும் குறைபாடு வரும். சிலருக்கு உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே இரைப்பைச் செல்களைத் தாக்கி அந்தப் புரதம் சுரக்காமல் செய்துவிடுகிறது. புற்றுநோய்க்காகவோ எடைக் குறைப்புக்காகவோ இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள், சிறுகுடலின் கடைசிப் பகுதி அழற்சியால் பாதிக்கப்பட்டவர்கள் அல்லது அறுவையில் அதை இழந்தவர்கள், அதே இடத்தில் காசநோய் கண்டவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருகிறார்கள். நுரையீரல் காசநோயைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் குடல் காசநோயைப் பற்றி நம் மக்களுக்குத் தெரிவதில்லை. நம் நாட்டில் அது அரிய நோய் அன்று.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிக அதிக அளவில், அதாவது 1,000 அல்லது 2,000 மைக்ரோகிராம் மாத்திரையாக உட்கொண்டால், அந்தச் சிறப்புப் புரதத்தின் துணையில்லாமலேயே ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குடலில் ஊறிச் சேர்ந்துவிடும். நாளொன்றுக்கு நமக்குத் தேவைப்படுவது 2 மைக்ரோகிராமைச் சற்றே தாண்டிய அளவுதான் என்பதால் அதுவே போதுமானது. எனவே குறைபாடு உள்ள அனைவருக்கும் வாழ்நாள் முழுதும் ஊசி என்பது கட்டாயமில்லை. ஆனால் கால் மரத்துப்போதல், நடைத் தள்ளாட்டம், மறதி போன்ற நரம்பு சார்ந்த அறிகுறிகள் தொடங்கிவிட்டாலோ, இரத்தசோகை கடுமையாக இருந்தாலோ, முதலில் ஊசியைத்தான் நாட வேண்டும். அப்போது காலதாமதம் ஆபத்தானது.

அடுத்தது பி1, அதாவது தயமின். நீண்ட காலம் அளவுமீறிக் குடித்தவர்களுக்கும், கர்ப்பகாலத்தில் வாரக்கணக்கில் எதுவும் தங்காமல் வாந்தி எடுக்கும் பெண்களுக்கும் இது திடீரென்று தீர்ந்துபோகலாம். மனக்குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் அது அவசர நிலை; இரத்தக்குழாய் வழியாகத் தயமின் செலுத்த வேண்டும். இப்படிப்பட்டவருக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றுவது மூளைப் பாதிப்பை மோசமாக்கக்கூடும் என்பதால், குடிப்பழக்கத்தை வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். பிறக்கும் குழந்தையின் உடலில் வைட்டமின் கே மிகக் குறைவு. தாய்ப்பாலிலும் அது குறைவு. அது இல்லாவிட்டால் இரத்தம் உறையாது. சில குழந்தைகளுக்கு மூளைக்குள்ளேயே கசிவு ஏற்படலாம். தொடையில் ஒரே ஒருமுறை போடும் 1 மில்லிகிராம் அதைத் தடுக்கிறது. நலமாகப் பிறந்த ஒருவருக்கும் ஊசி அவசியமாகின்ற அரிய இடம் இது.

மூன்று தலைமுறையாகச் சைவ உணவுதான். பி12 குறையாமல் இருக்க ஊசி போட்டே ஆக வேண்டுமா?

மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இக்கேள்வி அதிகம் வருவதில் வியப்பில்லை. பி12-ஐத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. விலங்குகளின் உடல் வழியாகப் பாலுக்கும் முட்டைக்கும் மீனுக்கும் இறைச்சிக்கும் அது வந்து சேர்கிறது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 0.4 மைக்ரோகிராம் இருக்கும்; காய்ச்சும்போது அதிலும் ஓரளவு குறையும். நாள்தோறும் இரண்டு பெரிய டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் உட்கொள்பவர் தேவையை ஏறக்குறைய எட்டிவிடுவார். காப்பியில் கலக்கும் பாலையும் சாதத்தில் பிசையும் இரண்டு கரண்டி மோரையும் மட்டும் நம்பியிருப்பவர் எட்ட மாட்டார். மாவு புளிப்பதால் இட்லியில் பி12 சேர்ந்துவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். நம்பியிருக்கத்தக்க அளவில் அதில் இல்லை. ஸ்பைருலினா பாசியில் இருப்பதும் பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவமே.

ஆனால் உணவில் மட்டுமே குறை என்றால் தீர்வு ஊசி அன்று, மாத்திரையே போதும். குடல் நன்றாக வேலை செய்கிறது அல்லவா? பால்கூடத் தொடாத முழுத் தாவர உணவினர் தினந்தோறும் மாத்திரை எடுத்துக்கொள்வதைத் தவிர்க்க முடியாது. கல்லீரல் ஆண்டுக்கணக்கில் தாங்கும் அளவுக்குப் பி12-ஐச் சேமித்து வைத்திருப்பதால், உணவை மாற்றிய சில மாதங்களில் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வரும் சோர்வைப் பழைய மாற்றத்தோடு யாரும் இணைத்துப் பார்ப்பதுமில்லை. மீன் உண்ணும் வீடுகளுக்கு இக்கவலை குறைவு. மும்பைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பாங்டா என்னும் கானாங்கெளுத்தி பி12 நிறைந்தது.

அப்பாவுக்கு 68 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பாதம் எரிகிறது என்கிறார். சர்க்கரையால்தானே?

இருக்கலாம், ஆனால் அப்படி முடிவுகட்டிவிடுவதற்கு முன் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. எனினும் நீண்ட நாள் பயன்பாட்டில் அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அதனுடன் அமிலத்தைக் குறைக்கும் பேண்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளையும் ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களுக்குக் குறைவு ஏற்படும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. வயது மூப்பினாலும் இரைப்பை அமிலம் குறைகிறது. இம்மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது நம் வீடுகளில் சாதாரணம்.

சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பும் பி12 குறைவால் வரும் நரம்புப் பாதிப்பும் பாதத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உணரப்படும். முதலாவதை முழுமையாக மீட்க இயலாது. இரண்டாவதைக் காலத்தோடு கண்டுபிடித்தால் மீட்க இயலும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே அந்தப் பரிசோதனை அவசியமாகிறது.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்? எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

படி ஏறினால் மூச்சு வாங்குதல், வெளுத்த முகம், நாக்கு சிவந்து வழவழப்பாகி எரிதல், இரு பாதங்களிலும் ஒரே சமயத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, இருட்டிலோ கண்ணை மூடி முகம் கழுவும்போதோ தள்ளாடுதல், எரிச்சல், மறதி ஆகியவை பி12 குறைவைச் சுட்டலாம். இரத்தசோகை வராமலேயே நரம்புப் பாதிப்பு மட்டும் வருவதும் உண்டு என்பதால், “ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை” என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது.

இரத்தத்தில் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பொதுவாகக் கொள்வர். 200-க்கும் 300-க்கும் இடைப்பட்டது ஐயத்துக்குரிய பகுதி; அப்போது, பி12 குறைந்தால் இரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலத்தின் அளவைப் பார்ப்பது உதவும். சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் (அறிக்கையில் எம்சிவி) 100 ஃபெம்டோலிட்டருக்கு மேல் ஏறியிருப்பதும் ஒரு தடயம். ஆனால் இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்திருந்தால் அந்தத் தடயம் மறைந்துவிடும்.

மிக முக்கியமான எச்சரிக்கை: இரத்தம் கொடுத்த பிறகுதான் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ‘சும்மா ஒரு ஊசி’ போட்டுக்கொண்டு பிறகு பரிசோதனைக்குப் போனால் அளவு ஏறித் தெரியும். உண்மையில் குறைபாடு இருந்ததா, எதனால் வந்தது என்பதை அதன் பின் கண்டறிவது கடினம். தெம்புக்காக அவ்வப்போது போடப்படும் ஊசிகளால் விளையும் தீமைகளில் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அந்த ஊசி நோயைத் தீர்க்காமல் மறைத்து மட்டும் வைக்கிறது.

பி12 ஊசி எத்தனை போட வேண்டும்? பலன் எப்போது தெரியும்?

குறைபாட்டின் காரணத்தையும் கடுமையையும் பொறுத்து மருத்துவர் தீர்மானிப்பார். பொதுவாக 1,000 மைக்ரோகிராம் அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் என இரண்டு வாரம் போட்டு, பின்னர் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். உறிஞ்சும் ஆற்றலே இல்லாதவர்களுக்கு மாதம் ஒருமுறையோ இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ வாழ்நாள் முழுதும் தேவைப்படலாம். திரவம் சிவப்பாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பி12-இல் கோபால்ட் உலோகம் இருப்பதால் அந்த நிறம்.

ஒரு வாரத்துக்குள் எலும்பு மஜ்ஜை புதிய இரத்த அணுக்களை வேகமாக உருவாக்கத் தொடங்கிவிடும். சோர்வு சில வாரங்களில் நீங்கும். இரத்தசோகை இரண்டு மாத அளவில் சீராகும். நரம்பு அப்படியல்ல. மரத்துப்போன பாதம் தெளிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். தொடக்கத்தில் எரிச்சல் சற்றுக் கூடுவதாகச் சிலர் உணர்வதுமுண்டு. நான்கு ஊசியில் கால் சரியாகவில்லை என்று நிறுத்திவிடுவது, பாதிக் கிணறு தாண்டுவதாகும். இரத்தசோகை மிகக் கடுமையாக உள்ளவர்களுக்குச் சிகிச்சையின் முதல் நாட்களில் பொட்டாசியம் இறங்கக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு நல்லது.

கர்ப்பிணிக்கு ஃபோலிக் அமிலம் மாத்திரையாகவே போதுமா? ஊசி வேண்டாமா?

பெரும்பாலும் மாத்திரையே போதும். இதற்கு மும்பையில் பிறந்த ஒரு வரலாறு உண்டு. நம் நகரத்தார் பலர் அறியாதது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அன்றைய பம்பாய்க்கு வந்து, பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் ஆய்வைத் தொடங்கினார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கடுமையான ஒரு வகை இரத்தசோகை வந்து பலர் இறந்துகொண்டிருந்தனர். அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று வில்ஸ் பார்த்தார். குன்னூரிலும் பணிபுரிந்தார், 1931-இன் தொடக்கத்தில் சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் அறியும் மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த, ரொட்டியில் தடவும் மலிவான ஒரு சாறு அந்த இரத்தசோகையைக் குணப்படுத்துவதை அவர் நிறுவினார். அந்தச் சாற்றை நோயாளிகள் வாயால்தான் உட்கொண்டனர்.

அதில் இருந்த சத்துக்குச் சில காலம் ‘வில்ஸ் காரணி’ என்றே பெயர். 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது அது ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். இன்று சுகாதார நிலையத்தில் விலையின்றித் தரப்படும் மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. “வெறும் மாத்திரைதானே” என்று அதை ஒதுக்கிவிட்டு ஊசி தேடும் மாமியார்களுக்கும் கணவர்களுக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு கவனம் தேவை. பி12-உம் குறைந்திருக்கும் ஒருவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் தொடர்ந்து தந்தால் இரத்தம் தேறிவிடும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். சைவ உணவு உண்ணும் கர்ப்பிணி இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு அசதியாக இருக்கிறது. ஒரு சலைன் பாட்டில் ஏற்றி, அதில் சத்து ஊசியும் கலந்து போட்டால் தெம்பு வருகிறதே?

அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில், வழக்கமான 5 சதவீதக் கரைசல் என்றால், இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். அது தருவது 100 கலோரிக்குள்தான். இரண்டு இட்லி அதைவிடக் கூடுதலாகத் தந்துவிடும். கலந்துவிடும் பி காம்ப்ளெக்ஸ், பாட்டிலை மஞ்சளாக்கி, சில மணி நேரத்தில் சிறுநீரையும் மஞ்சளாக்கிவிட்டு வெளியேறிவிடும். ஏற்கெனவே குறைபாடு இல்லாதவரின் உடல் அதைச் சேர்த்துவைப்பதில்லை.

அப்படியானால் தெம்பு வருவது பொய்யா? பொய்யல்ல. வாந்தியாலோ வயிற்றுப்போக்காலோ நீர் வற்றியவருக்கு அந்தத் தண்ணீரும் உப்பும் உண்மையிலேயே உயிர் தருகின்றன. மற்றவர்களுக்கு, தோல் பட்டறையிலோ தையல் கூடத்திலோ பன்னிரண்டு மணி நேரம் குனிந்து வேலை செய்தபின், ஒரு மணி நேரம் மின்விசிறியின் கீழ் கால் நீட்டிப் படுத்திருப்பதே பெரும் ஓய்வாகிறது. அந்த ஓய்வைப் பெற அன்றைய கூலியில் பெரும் பகுதியைக் கொடுக்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. தொடரும் அசதிக்குப் பின்னால் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், மனச்சோர்வு என எதுவும் இருக்கலாம். பாட்டிலுக்குச் செலவிடும் தொகையை முதலில் இரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுவதே மேல்.

வைட்டமின் டி மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. 6 லட்சம் யூனிட் ஊசி ஒன்றே போதும் என்கிறார்கள். சரியா?

மருந்தை உறிஞ்சும் நிலையில் குடல் இல்லாதவர்களுக்கும், மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்ள இயலாத சிலருக்கும் அது பொருந்தலாம். மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை 60,000 யூனிட் என எட்டு வாரம் வாயால் உட்கொள்ளும் முறையே போதுமானது. எண்ணெயில் கரைந்த இந்த ஊசி தசையிலிருந்து மெதுவாகத்தான் வெளிவரும். ‘உடனே வேலை செய்யும்’ என்பது உண்மையன்று.

ஒரே தடவையில் பெரும் அளவு தருவது எலும்புக்கு நல்லது என்ற எண்ணமும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை வாயால் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2010-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களே மருந்தற்ற வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள். அவர்களுக்கே எலும்பு முறிவும் அதிகம் ஏற்பட்டது.

டி கொழுப்பில் கரைவது. மிகுந்தால் பி, சி போலச் சிறுநீரில் கழிந்துவிடாது. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிய சாஷேயை நாளுக்கு ஒன்றாகக் கலந்து குடித்தவர்களும், ஒரு மருத்துவரிடம் ஊசி, இன்னொருவரிடம் மாத்திரை என இரண்டையும் சேர்த்துக்கொண்டவர்களும் நச்சு நிலைக்குச் சென்றிருக்கிறார்கள். தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் ஆகியவை இரத்தத்தில் கால்சியம் ஏறியதன் அடையாளங்கள்; சிறுநீரகம் பழுதாகும். வீட்டில் முதியவர்களுக்கு மருந்து எடுத்துக்கொடுப்பவர், டி மாத்திரைக்கு ஞாயிறு என்று கிழமை குறித்துவைப்பது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மேகம் மூடியிருக்கும் இந்நகரில், ‘சால்’ எனப்படும் அடுக்கடுக்கான ஒற்றை அறைக் குடியிருப்புகளில் வெயிலே எட்டாத அறையில் வாழ்பவர்களுக்கு இக்குறைபாடு வருவது அவர்கள் குற்றமன்று என்பதையும் சொல்ல வேண்டும்.

முடி கொட்டாமல் இருக்கப் பயோடின் ஊசி, நிறம் கூட்டக் குளுட்டதயோன் ட்ரிப், இரண்டையும் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

பயோடின் குறைபாடு மிக அரிது. அது இல்லாதவருக்குப் பயோடின் முடியை வளர்க்கும் என்பதற்கு வலுவான சான்றில்லை. அதைவிடக் கவலைக்குரியது, அதிக அளவு பயோடின் சில இரத்தப் பரிசோதனைகளைப் பொய்யாக்கும் என்பது. தைராய்டு அறிக்கை தவறாக வரலாம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இலேயே இதை எச்சரித்தது. பரிசோதனைக்கு முன் பயோடின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

குளுட்டதயோன் வைட்டமினே அன்று. தோலை வெளுப்பாக்கும் எந்த ஊசிக்கும் அமெரிக்க நிர்வாகம் ஒப்புதல் தந்ததில்லை. பிலிப்பைன்ஸ் அரசு அமைப்பு வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. திருமணம் நிச்சயமான பெண்களை இதற்கு அழைத்துச்செல்லும் தாய்மாரிடம் நான் வேண்டிக்கொள்வது, மகளின் நிறத்தில் எந்தக் குறைபாடும் இல்லை என்பதுதான்.

நோய் எதிர்ப்பாற்றலுக்கு வைட்டமின் சி ட்ரிப்?

தேவையில்லை. நலமாக உள்ளவருக்கு ஒரு கொய்யாப்பழமே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். இரத்தத்தில் பெரும் அளவில் ஏற்றப்படும் சி, ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியக்கூடும். ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். பல வைட்டமின்களையும் தாதுக்களையும் கலந்து ஏற்றும் ‘மையர்ஸ் காக்டெயில்’ பால்டிமோரைச் சேர்ந்த ஜான் மையர்ஸ் என்ற மருத்துவரின் பெயரால் வழங்குவது. அது புற்றுநோய், சர்க்கரை முதலியவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2018-இல் நடவடிக்கை எடுத்தது.

ஊசி போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

புதிய சிரிஞ்சின் உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். ஆம்பூலின் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துப் பாருங்கள். கேட்டால் காட்டாதவரிடம் போட்டுக்கொள்ளாதீர்கள். 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்திலுள்ள பாங்கர்மாவில், தகுதியில்லாத ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்தியதாகக் கூறப்பட்ட நிலையில், பலருக்கு எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. ‘ஜோலா சாப்’ எனப்படும் போலி மருத்துவர் பத்து ரூபாய் குறைவாக வாங்குகிறார் என்பதற்காக எடுக்கத்தக்க அபாயம் அன்று இது. மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவையும் இதே வழியில்தான் பரவுகின்றன.

இடுப்பில் போடுவதானால் புட்டத்தின் மேற்புற வெளிமூலையில்தான் போட வேண்டும். தவறான இடத்தில் இறங்கும் ஊசி பெரிய கால் நரம்பைத் தாக்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் செய்துவிடும். 1 மில்லி பி12-க்குப் புயமே போதும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவித்தால், தோலுக்கடியில் போடத்தக்க வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். மூச்சுத் திணறல், முக வீக்கம், உடலெங்கும் தடிப்பு தோன்றினால் அது ஒவ்வாமை. அரிதுதான், ஆனால் பி1, பி12, கே ஊசிகளில் நேர்ந்திருக்கிறது. போட்ட இடம் நாட்கள் செல்லச்செல்ல வீங்கிச் சூடாகி வலித்தால் சீழ் கட்டியிருக்கலாம்.

நரம்புக்கு என்று தரப்படும் கலவைகளில் பி6-உம் இருக்கும். அதிக அளவில் நெடுநாள் சென்றால் அதுவே கைகால்களை மரக்கச்செய்யும். மரமரப்புக்காகத் தொடங்கிய மருந்தாலேயே மரமரப்பு நீடிக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தியும் மராத்தியும் சரியாக வராது. அரசு மருத்துவமனையில் எப்படி விளக்குவது?

சயான், கே.இ.எம். மருத்துவமனைகளுக்கோ, கட்டணமின்றிப் பார்க்கும் மாநகராட்சியின் ‘ஆப்லா தவாகானா’வுக்கோ செல்லும் முதியவர்கள் சில தொடர்களை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். மரத்துப்போவதை இந்தியில் ‘ஹாத் பைர் சுன்ன் ஹோதே ஹைன்’ என்பார்கள். ஊசி குத்துவது போன்ற உணர்வை மராத்தியில் ‘முங்க்யா யேத்தாத்’ என்பார்கள். தலைசுற்றலுக்கு இரு மொழியிலும் ‘சக்கர்’ தான். ‘கம்ஜோரி’ என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். மரமரப்பைக் கட்டாயம் சொல்லுங்கள். உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் வேதிப்பெயரை எழுதித்தரச் சொன்னால் ஜன் ஔஷதி கடையில் மலிவாக வாங்கலாம்.

மே மாதம் முழுதும் திருநெல்வேலியில் இருப்போம். மாத ஊசி தவறினால் என்ன ஆகும்?

தொடக்கத் தொடர் முடிந்து, மாதாந்தர நிலைக்கு வந்துவிட்டவருக்கு ஓரிரு வாரத் தாமதத்தால் தீங்கில்லை. கல்லீரலின் சேமிப்பு தாங்கும். முதல் இரண்டு வாரத் தொடரில் இருப்பவர்கள் அதை முடித்துவிட்டுப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துச்சீட்டையும், இதுவரை போட்ட தேதிகளையும் அளவையும் குறித்த தாளையும் கொண்டுசென்றால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போட்டுக்கொள்ளலாம். ஆம்பூலை இங்கிருந்தே எடுத்துச் செல்வதானால் அட்டைப்பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். பி12 ஒளி பட்டால் சிதையும். ரயிலில் சன்னலோரம் வெயில் விழும் பையில் வைக்காமல், துணிகளுக்கு நடுவே வையுங்கள்.